அரசியல் வாத்தியார் தின்ற ஆட்டுக்காது

எங்கள் எதிர்வீட்டு இஷென்பாய் நாரின் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடமாக அரசியல் பாடம் நடத்துகிறார். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று அவர் ஒருவர் பெயரைச் சொன்னால், அந்த மனிதர் மூட்டையைக் கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் தேன் ஜாடியோடு அவர் வீட்டுக்கு வருகிறார்கள். "வாத்தியாரே, தயவுபண்ணி என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க." போன தேர்தலில் அந்த வீட்டில் பதினொரு ஜாடி சேர்ந்தது. மூன்று என் வீட்டுக்கு வந்தது, ஆகவே இதில் பொய் கிடையாது.

லீவு விட்டால் அவர் வீட்டில் தங்கமாட்டார். ஷேர் டாக்ஸியில் பின்சீட்டில் ஏறிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவார். முன்சீட்டில் யார் உட்காருகிறார், யார் யாருக்காக இறங்கி இடம் மாறுகிறார், டிரைவர் யாரிடம் மட்டும் சிகரெட் பிடிக்க அனுமதி கேட்கிறார் என்றெல்லாம் குறித்துவைத்து, ஊர் வாரப் பத்திரிகையில் 'பின்சீட்டிலிருந்து' என்ற தலைப்பில் எழுதுவார். நாடாளுமன்றத்தை விட டாக்ஸியில்தான் அரசியல் தெளிவாகத் தெரிகிறது என்பது அவர் கட்சி. ஒரு ஜனவரியில் மலைக்கணவாயில் உறைந்து நின்றுபோன எஞ்சின், இவர் பேசிய பேச்சில் சூடாகிக் கிளம்பியது என்று ஒரு டிரைவர் சத்தியம் செய்கிறார். எஞ்சின் கிளம்பியதை நான் நம்புகிறேன். பேச்சைக் கேட்கமுடியாமல் கிளம்பியிருக்கும்.

இந்த வசந்தத்தில் அவர் நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் தலாஸ் பக்கம் போய்வந்து ஒரு கட்டுரை எழுதினார். விருந்தில் ஆட்டின் எந்தத் துண்டு யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். எங்கள் நாரினில் சபையிலேயே பெரியவருக்கு இடுப்பெலும்பு. தலை அவரைவிட இளையவருக்கு. தலாஸில் பெரியவருக்குத்தான் தலை. இஷென்பாய் இப்படி முடித்திருந்தார்: "தலாஸ்காரர்கள் மரியாதையைத் தலையில் வைக்கிறார்கள். நாங்கள் கறி இருக்கும் இடத்தில் வைக்கிறோம். யார் புத்திசாலி என்று ஆட்டைத்தான் கேட்கவேண்டும்."

நாரினே சிரித்தது. இரண்டு வாரம் கழித்து அவர் மகள் பேகாயிம் தலைநகரிலிருந்து வந்தாள். நான் அப்போது அவர்கள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, தலாஸைப் பத்தி எழுதினீங்களே..."

"ஆமாம்மா. நல்லா இருந்துச்சா?"

"நான் ஒருத்தரைக் கட்டிக்கப்போறேன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன. அந்தப் பல் டாக்டர்."

"அவங்களுக்கு ஊர் தலாஸ்."

இஷென்பாய் டீயை சாசரில் ஊற்றிக்கொண்டே இருந்தார். சாசர் நிறைந்து மேசையில் ஓடியது. அவர் மனைவி புருல் துணியை எடுத்துத் துடைத்தாள்.

"இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாமே. பொண்ணு நம்ம வீட்டோடயே இருந்திருப்பா" என்றாள்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் தோடு போட வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதில் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் ஆனமாதிரி. போடாமல் கிளம்பிப் போனால், அவ்வளவுதான், அப்புறம் யாரும் யாருக்கும் போன் செய்யமாட்டார்கள். பேகாயிம் தூக்கமில்லாமல் பாதியாகிப் போனாள்.

பத்திரிகையில் மன்னிப்பு எழுதுகிறேன் என்றார் இஷென்பாய். "இன்னொரு தடவை பேனாவைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்றாள் புருல். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விருந்தைத் தலாஸ் முறைப்படி நடத்திவிடுவது. சம்பந்திக்கே தலை. அதைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார்கள். சம்பந்தி கெரிமாலி, கதவு நிலையில் குனிந்து வரவேண்டிய உயரம். அவர் மனைவி ஸூரா, மடியில் கறுப்புக் கைப்பை. கூடவே கெரிமாலியின் தம்பி ஒருவர். வாசலுக்கு நேரெதிர் மெத்தையில் உட்காரவைத்து, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு போர்சோக்கை விரிப்பில் கொட்டி, புளித்த குதிரைப்பால் குமிஸ் ஊற்றிக் கொடுத்தோம். சாலை, மழை, குதிரை விலை எல்லாம் பேசியாகிவிட்டது. கட்டுரையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. தோடு அந்தக் கைப்பையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

கறி வந்தது. இஷென்பாய் எழுந்து, வெந்த தலையைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் கெரிமாலியிடம் நீட்டினார். இடுப்பெலும்பைத் தம்பிக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

கெரிமாலி தலையைப் பார்த்தார். தம்பியின் தட்டைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. சட்டையின் உள்பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார்.

"சம்பந்தி, இதை நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான்."

"நானும் என் வீட்டுக்காரியும் இதை மனப்பாடம் பண்ணிட்டு வந்தோம். நாரின்ல இடுப்பெலும்பு வாங்குறவன்தான் பெரியவன். தலை வாங்குறவன் அவனுக்குக் கீழே. வழி பூரா இவகிட்ட சொல்லிட்டே வந்தேன், அவங்க முறையை நாம மதிக்கணும், இடுப்பெலும்பு குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கணும்னு. நீங்க அதை என் தம்பிக்குக் குடுத்துட்டீங்க. இவனுக்கு நான்தான் நிஜார் போட்டுவிட்டவன்!"

தம்பி இடுப்பெலும்பைக் கையில் பிடித்தபடி, கடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

ஸூரா கைப்பையின் பித்தளைப் பூட்டை அழுத்தி மூடினாள். டக்கென்று சத்தம் கேட்டது. சமையலறைக் கதவோரம் நின்ற பேகாயிமின் முகம் மாவாக வெளுத்தது.

"இதுல ஒரு கோட்பாட்டுச் சிக்கல் இருக்கு" என்று ஆரம்பித்தார் இஷென்பாய். "விருந்தாளியோட முறையை ஏற்கிறது ஒரு நிலைப்பாடு, ஆனா..."

"கோட்பாட்டைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க" என்றாள் புருல். "நடந்ததைச் சொல்லுங்க. தலாஸ்ல நடந்ததை."

"அது எதுக்கு இப்போ?"

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இஷென்பாய் உட்கார்ந்தார். ஐம்பத்தேழு வயது மனிதர், திடீரென்று சின்னதாகத் தெரிந்தார்.

"அன்னைக்கு உங்க ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுல எனக்குத்தான் தலை குடுத்தாங்க" என்றார். "சபையிலேயே பெரிய மரியாதை அதுதான்னு எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் அரசியல் நடத்துறவன், எனக்குத் தெரியாது. என்னைச் சின்னவனா நினைச்சுட்டாங்கன்னு கோபம். அந்தத் தலையை அப்படியே பக்கத்துல உட்கார்ந்திருந்த எங்க டாக்ஸி டிரைவர்கிட்ட தள்ளிவிட்டேன்."

"டிரைவர்கிட்டயா?" என்றார் கெரிமாலி.

"அவன் ரொம்ப நன்றியோட சாப்பிட்டான். நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரொட்டியைக் கடிச்சேன். திரும்பி வர்றப்போ வழியில பசி. அந்தப் பசியிலதான் எழுதினேன். அதுவரைக்கும் விசாரிக்கவே இல்லை. அவங்க முறை என்னன்னு அப்புறம்தான் பத்திரிகைக்காக நாலு பேர்கிட்ட கேட்டேன். கேட்டதும் கட்டுரையைத் திருத்தினேன். ஆனா கோபம் போகலை, அதுல வந்த அந்தக் கடைசி வரி நல்லா இருந்துச்சு. எடுக்க மனசு வரலை."

கெரிமாலியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் பிறகுதான் வந்தது, வந்தபோது குமிஸ் கிண்ணங்கள் ஆடின.

"ஏண்டி ஸூரா, கேட்டியா? இவரும் தலையை வாங்கிட்டு உம்முன்னு இருந்தாராம். நானும் தலையை வாங்கிட்டு உம்முன்னு இருக்கேன். டிரைவர் ஒருத்தன்தான் ஒழுங்கா சாப்பிட்டிருக்கான்!"

"ரெண்டு பேரும் படிச்சவங்க ஆச்சே" என்றாள் ஸூரா.

கெரிமாலி தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கத்தியை எடுத்தார். ஒரு காதை அடியோடு அறுத்தார். ஆட்டின் காது குழந்தைகளுக்கு உரியது. பெரியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கட்டும் என்று தருவார்கள். அதைக் கத்திமுனையில் வைத்து இஷென்பாயின் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. இனிமே கேட்டுட்டு எழுதுங்க."

இஷென்பாய் எங்களைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் காதை வாங்கி வாயில் போட்டு, முழுதாக மென்றார். குருத்தெலும்பு நறநறவென்று அறை முழுக்கக் கேட்டது. அவர் அவசரப்படவில்லை.

"உப்பு கம்மி" என்றார் கடைசியில்.

"சமைச்சது உங்க வீட்டுல" என்றார் கெரிமாலி.

தம்பி அப்போதுதான் இடுப்பெலும்பைக் கடித்தார்.

ஸூரா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பையைத் திறந்தாள். "இங்க வாடி பொண்ணே. என் பக்கத்துல உட்காரு. வெள்ளித் தோடுதான், என் மாமியார் எனக்குப் போட்டது, கொஞ்சம் கனம்." பேகாயிம் முட்டி போட்டு உட்கார்ந்தாள். இடது காதில் சுலபமாக ஏறியது. வலது காதின் துளை தூர்ந்துபோயிருந்தது. பரீட்சை, வேலை என்று மூன்று வருடமாக அவள் தோடே போட்டதில்லை.

"வலிக்குமே" என்றாள் ஸூரா.

"பரவாயில்லம்மா, குத்துங்க" என்றாள் பேகாயிம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை ஸூராவின் மடிப் பக்கம் சாய்த்தாள்.