கஞ்சிக் கோட்டு

இன்று பானையைத் திறந்ததும் எழுந்த பழைய சோற்றின் புளித்த வாடை, இப்போது ரோட்டுக்கு அடியில் போய்விட்ட தோபிகாட் ஓடைக்கே என்னை இழுத்துப்போனது. அங்கே துணி வெளுத்த அம்மா, மிஞ்சிய சோற்றைத் தண்ணீர் விட்டு மசித்து, காய்ச்சி, வடிகட்டி, துரைமாரின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுவாள். மழை விடாத ஒரு வாரம், பானையில் மிஞ்சியது ஒரு பிடி சோறுதான்.

"பசிக்குதும்மா" என்றேன்.

"கோட்டு வெறப்பா இல்லேன்னா துரை வீட்டு வேலை போயிடும்டி" என்றபடி அதையும் மசித்தாள்.

அடுப்பனலில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, அவள் தரையில் வைத்த கோட்டு, உள்ளே ஆளே இல்லாமல் நிமிர்ந்து நின்றது. என் சோற்றைத் தின்றது அதுதான் என்று தெரிந்தும், எழுந்து நின்று அதற்குச் சலாம் வைத்தேன்.