கல்லுக்கு ஒரு குச்சி, காலுக்கு ஒரு குச்சி

கல்வராயன் மலையில் தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை குறுக்கே வரும். அதைத் தாண்டினால்தான் என் அக்காவின் வீடு. போன வருஷத்து மழை அந்த ஓடையின் மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போய், கல்லை மட்டும் நமக்கு விட்டுவைத்தது. அன்றிலிருந்து என் பிக்கப் வண்டி அதைத் தாண்டவில்லை. இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் நட்டநடுவில் இருந்த ஒரே கல்தான் வண்டியின் வயிற்றில் இடித்தது. அந்தக் கல்லைக் கடப்பாறையால் நெம்பியும் பார்த்தேன். அது பாறையோடு பாறையாக இருந்தது. நான்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மூட்டைகளை இக்கரையிலேயே இறக்கிவிடலாம். அக்காவை என்ன செய்வது? சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிற்று. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். மலையில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். மாதம் ஒருமுறை என் வண்டியில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, துணிக்கடையில் ஒவ்வொரு துணியையும் விரலால் தேய்த்துப் பார்த்து வாங்கினால்தான் அவளுக்குத் திருப்தி. ஓடை கெட்ட பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

“கத்திரிப்பூ கலர் கேட்டா கத்திரிக்கா கலர் வாங்கிக்கினு வந்து நிக்கிற. கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்பாள்.

ஒருநாள் பொறுக்காமல், “வாக்கா, ஓடையில மட்டும் நான் தூக்கிக்கினு போயி வண்டியில வுட்டுடறேன்” என்றேன்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “தூக்கிப் போடறதுக்கு நா இன்னா கிழங்கு மூட்டையா?”

அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவளைத் தூக்க முடியாது. வண்டியைத் தூக்கலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அளந்து பார்க்காமல் தூக்கம் வராது. ஒரு மரவள்ளிக் குச்சியை ஒடித்து, சக்கரம் போகும் தடத்திலிருந்து அந்தக் கல்லின் உச்சி வரை வைத்துப் பார்த்து வெட்டினேன். ஒரு சாணும் ஒரு விரலும் இருந்தது. அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டிக்கடியில் குச்சியை நிறுத்திப் பார்த்தார். சாயாமல் அது உள்ளே போகவே இல்லை.

“ரெண்டு வேல செய்யணும்ண்ணா. டயர் ஒரு சைஸ் பெருசு போடணும். அதுக்கு மேல போட்டா எஃப்.சி.யில பாஸ் பண்ண மாட்டாங்க. அப்புறம் முன்னாடி மூக்கத் தூக்கறதுக்கு ஒரு கிட்டு கீது.”

கிட்டு என்றதும் பெரிய சாமான் என்று நினைத்தேன். அவர் காட்டியது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இரும்பு வட்டம். முன்சக்கரத்தின் ஸ்பிரிங்குக்கு மேலே, வண்டியின் உடம்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அதை வைத்து முடுக்கிவிட்டால் தாழ்ந்து நிற்கும் முன்பக்கம் இரண்டு அங்குலம் எழும்பிப் பின்பக்கத்துக்கு நேராகிவிடுமாம். அவ்வளவுதானா என்று இருந்தது. பிறகுதான் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. பத்து வருஷமாக ஓட்டுகிறேன். என் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. கம்பெனிக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டேன்.

“பின்னாடி லோடு ஏறுனா பின்னாடி அமுங்கும் இல்ல? அப்ப நேரா நிக்கணும்னுதான் வெறும் வண்டிய இப்புடி வுட்டுக்கிறான். இப்ப நேரா நிமித்திட்டா, லோடு ஏத்துனதும் மூக்கு ஆகாசத்தப் பாக்கும். லைட்ட எறக்கித் தரேன். நீங்களும் லோட கம்மி பண்ணிக்குங்க.”

ஒரு பகல் முழுக்க அவர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன். சக்கரங்களின் கோணத்தை மறுபடி சரி செய்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துக் காட்டினார். எங்கும் உரசவில்லை. கடைசியில் குச்சியை வயிற்றுக்கடியில் நிறுத்தினோம். நேராக நின்றது, மேலே ஒரு விரல் இடமும் இருந்தது. எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

புது டயர் போட்டால் என் மனைவி சும்மா விடமாட்டாள். நாலு சக்கரத்துக்கும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்து, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்க வைத்தபிறகுதான் வழிவிட்டாள். மிச்சச் சந்தனக் கிண்ணத்தையும் டேஷ்போர்டில் வைத்து அனுப்பினாள்.

கச்சிராயபாளையம் போகும்வரை எனக்கு இன்னொரு விளையாட்டு கிடைத்தது. பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். டயர் ஒரு சுற்றுக்கு முன்பைவிடக் கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே எண்ணிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே போனேன். பத்து கல் தாண்டியபோது மீட்டர் ஒன்பதரையைத்தான் ஒப்புக்கொண்டது. பெட்டிக்குள்ளே இருப்பவனுக்கு வெளியே நடப்பது தெரிவதில்லை என்று சிரித்துக்கொண்டேன். அப்போது அது என்னைப் பற்றிய விஷயம் என்று தோன்றவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறியதும், முதல் கொண்டை ஊசி வளைவில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். வண்டியில் தீவன மூட்டைகள் இருந்தன. ஓரங்கட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வளைவில் மறுபடியும் சத்தம் வந்தது. கடையில் எந்தப் பக்கம் ஒடித்தும் உரசாத டயர் இங்கே ஏன் உரசுகிறது? கோபம் ஒரு பக்கம், கண்டுபிடிக்கும் ஆசை ஒரு பக்கம். குனிந்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புக்குள் டார்ச் அடித்தேன். பின்பக்க ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தீற்று இருந்தது.

என் மனைவியின் சந்தனம்! டயர் எங்கே போய் இடித்ததோ அங்கே தன் பொட்டை வைத்துவிட்டு வந்திருக்கிறது. கடையில் வண்டி சமதரையில் வெறுமனே நின்றது. வளைவிலோ லோடோடு உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து அந்தச் சக்கரத்தின்மேல் உட்காருகிறது. ஒடித்த டயருக்கு விரற்கடை இடம் குறைந்துவிடுகிறது. மெக்கானிக்கும் நானும் எத்தனை அளந்தும் இதை அளக்கவில்லை.

கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்து டயரில் புதிதாகப் பூசினேன். அடுத்த வளைவில் ஒடித்து நிறுத்தி, எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன். அதற்கடுத்த வளைவிலும் அப்படியே. பின்னால் வந்த மினி லாரிக்காரன் தலையை நீட்டினான்.

“இன்னாண்ணா, வளைவுக்கு வளைவு பூஜையா? பொங்கல் எப்ப தருவ?”

அவனைப் போகவிட்டு, தீற்று விழுந்த பிளாஸ்டிக் விளிம்பைக் கத்தியால் சீவி எடுத்தேன். மேலே இருந்த வளைவுகளில் சத்தம் இல்லை. தீவனத்தை மேலே ஒரு பண்ணையில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு மண் பாதையில் இறங்கினேன். ஓடையில் கணுக்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் இடிக்கவில்லை. அக்கரையில் ஏறியதும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நல்ல புடவை, கையில் பை. சத்தத்தைக் கேட்டே கிளம்பியிருக்கிறாள். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ராஜா மாதிரி கீதுடா” என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா வண்டியில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. கதவைத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, முதலில் சீட்டின் விளிம்பில் உட்காருவாள். பிறகு இரண்டு காலையும் கையால் எடுத்து உள்ளே வைப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் திரும்பி நின்றாள். உட்காரப் போனாள். சீட்டு அங்கே இல்லை. மூன்று அங்குலம் மேலே போய்விட்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள். மறுபடியும் எம்பினாள். இடுப்பு விளிம்பில் உரசிவிட்டுக் கீழே வந்துவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். என் கைகள் தானாக அவளைப் பிடிக்கப் போயின. அவள் பார்த்த பார்வையில் பின்வாங்கிக்கொண்டன. எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லின் உயரம் தெரியும், டயரின் அகலம் தெரியும், மீட்டர் எத்தனை பொய் சொல்கிறது என்பதும் தெரியும். யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவளால் எவ்வளவு ஏற முடியும் என்பது எனக்குத் தெரியவில்லை.

டேஷ்போர்டில் கிடந்த மரவள்ளிக் குச்சி அவள் கண்ணில் பட்டது. “அது இன்னாடா?”

“ஓடையில கீற கல்லுக்கு அளவு எடுத்ததுக்கா.”

“கல்லுக்கு எடுத்தியே, எனக்கு எடுத்தியா?”

அக்கா கோபத்தை வளர்க்கிறவள் இல்லை, வேலையைப் பார்க்கிறவள். வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வரச் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை மெல்லத் தூக்கினாள். ஓர் இடத்தில் இடது கால் நடுங்கத் தொடங்கியது. அங்கே நிறுத்தினாள்.

“இம்மாந்தான். இதுக்கு மேல தூக்கினா இந்தக் கால் என்னத் தாங்காது. வெட்டு.”

வெட்டினேன். ஒரு சாணுக்கும் குறைவாக இருந்தது. ஊர் முனையில் மூட்டை ஏற்றுவதற்கென்று ஒரு சரிவான பாறை உண்டு. வண்டியை அதை ஒட்டி நிறுத்தச் சொல்லி, கம்பு ஊன்றிப் பாறைமேல் நடந்துபோய், சீட்டில் தானாகவே உட்கார்ந்தாள். இறங்குவது வெறும் சறுக்கல்தான், அதைப் பார்த்துக்கொள்வேன் என்றாள்.

துணிக்கடைக்குப் போகுமுன் மெக்கானிக்கிடம் போனோம். அவர் இரண்டு குச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையைச் சொறிந்தார்.

“அக்கா குச்சிப்படி படி வச்சா, அந்தக் கல்லு படிய பேத்துடும். கல்லு குச்சிப்படி வச்சா அக்கா ஏற முடியாது.”

“மடிச்சி வைக்கறா மாதிரி வைங்க. வூட்டு ஜன்னல் கதவு மடியல?” என்றாள் அக்கா.

மெக்கானிக் கதவுக்கீலும் தகடும் வைத்து ஒரு படியைப் பற்றவைத்தார். அக்கா சொன்னபடியே அதில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, நுனியை சீட்டுப் பக்கம் விட்டார்.

துணி வாங்கி முடித்துத் திரும்பும்போது நான் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்கா வலது காலைப் படியில் வைத்தாள். கதவைப் பிடித்து மேலே வந்தாள். திரும்பினாள். உட்கார்ந்தாள். கால்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தாள். படி ‘டக்’கென்று மடிந்தது.

“எத்தினி வருசமா உன் வண்டியில ஏறிக்கினு கீறேன்,” என்றாள், கத்திரிப்பூத் துணியை மடியில் தடவிக்கொண்டே. “இன்னிக்குத்தான் என் காலப் பாத்துக்கிற. ஏறுடா, போவலாம்.”