கீழ்வீட்டில் கேட்ட பாட்டு

என் அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் காது மந்தமானது. முதலில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினோம். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டோம். எனக்கு அந்த வயது வந்தபோது நரையைப் பற்றிக் கவலை வரவில்லை, காதைப் பற்றித்தான் வந்தது.

மாலையில் ஹாலில் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்பது என் வழக்கம். மாதா கோயில் பாடகர் குழுவில் தாழ்ந்த சுருதியில் கீழ்க்குரல் பாடுகிறவன் நான். எந்தப் பாட்டிலும் அடியில் தாழ்ந்து ஒலிக்கும் பேஸ் கிதார்தான் முதலில் என் காதில் விழும். மந்தைவெளிக்குக் குடிவந்த பிறகு அது விழவில்லை.

ஸ்பீக்கர் பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி டிவி பக்கத்தில் சுவரோரம் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். பேஸ் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் இல்லை.

சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, டப்பாவெல்லாம் ஆடுது, கொறைங்க!" என்றாள்.

டப்பாவுக்குக்கூடக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அவளிடம் சொல்லவும் பயம். தினமும் இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேட்டேன்.

ஒரு நாள் கீழ்வீட்டு பாய் மேலே வந்தார். தையல் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வூட்ல பாட்டு ஒண்ணும் வெளங்கல, தொம் தொம்னு மட்டும் கேக்குது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது."

வெட்கமாகப் போயிற்று. அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, "இந்த அளவுலதான் கேக்கறேன் பாய்" என்று பாட்டைப் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னா சார், இங்க அந்தத் தொம்மையே காணோம்! மொத்தத்தையும் எங்க வூட்டுக்கே அனுப்பிட்டீங்களா?"

"உங்களுக்கும் கேக்கலையா?" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

மனைவி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆமாங்க, இங்க ஒண்ணுமே இல்ல. சமையல்கட்டுலதான் இடி இடிக்குது."

நான் சோபாவில் சாய்ந்துவிட்டேன். "எனக்கும் அப்பா மாதிரி காது போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"சொல்றதுக்கென்ன? இத்தன நாளா மனசுலயே வெச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. பாய் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டை நிறுத்தாமல் ஹாலைச் சுற்றி நடந்து பார்த்தேன். சுவரோரம் பேஸ் நிறைந்து நின்றது; நடுவில், என் நாற்காலி இருந்த இடத்தில், செத்துப்போனது. தாழ்ந்த ஒலி சுவரில் மோதித் திரும்பி வரும்போது சில இடங்களில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், எதிர்ச்சுவரோரம் இன்னொரு சப்வூஃபர் வைத்தால் பெரும்பாலும் சரியாகும் என்று எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் நண்பர் சொன்னார். வாங்கினேன். அவரே வந்து இரண்டையும் வைத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்ததும் கிதாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது. கீழே சத்தம் வருகிறதா என்று கேட்க பாய்க்கு போன் போட்டேன்.

"எப்போ சார் போடப் போறீங்க?" என்றார்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு பாய்."

"அப்படியா? எங்களுக்கு ஒண்ணுமே தெரியல சார். நல்லாக் கேளுங்க!"