மஞ்சள் தண்ணீர் போன வழி

போன வாரம் கழக்கூட்டத்துப் பிளாட்டில் சாம்பார் வைக்கப் போய், மஞ்சள்பொடி டப்பாவைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டேன். குழாயைத் திறந்ததும் தண்ணீர் மஞ்சளாகச் சுழன்று உள்ளே போயிற்று. அடுப்பில் பருப்பு அடிபிடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலில் என் லட்சணம் அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் வாசனை இதே நகரத்து ஆரியசாலைக் கடைத்தெருவுடையது. படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை, பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் புராஜெக்ட் அசிஸ்டன்ட். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும் அந்தத் தெருவுக்காக, அங்குள்ள வியாபாரிகள் சங்கமும் பல்கலைக்கழகமும் கைகோத்திருந்தன. பேராசிரியர் மலையாளி, கடைக்காரர்கள் தமிழர்கள். இரண்டு பாஷையும் தெரியும் என்று என்னை எடுத்தார்கள். அங்கே எல்லோருக்குமே இரண்டும் தெரியும். நான் பெரும்பாலும் பேராசிரியருக்குக் குடைதான் பிடித்தேன்.

சங்கத்தின் செயலாளர் சரசக்கா, மஞ்சள் மொத்த வியாபாரம். பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்து எங்களைக் கூட்டிவந்ததே அவர்தான். தெருவின் பள்ளத்தில் அவர் கடை. மழைக்கு மழை மூட்டைகள் நனைந்தன. இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கடை தாங்காது என்று தெருவுக்கே தெரியும்.

கடைகளுக்கு அடியில் ஓடும் பழைய ஓடை எங்கோ அடைத்திருந்தது. சாயம் கரைத்து ஊற்றி, அது எங்கே போய் நிற்கிறதென்று பார்க்கலாம் என்றார் பேராசிரியர். அரிசிக் கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

"கெமிக்கல் ஒண்ணும் வேண்டாம் சாரே. எங்கிட்ட நனைஞ்சு கெட்ட மஞ்சப்பொடி கிடக்கு, அது போதும்" என்றார் சரசக்கா.

ஒரு காலை எல்லோரும் கடையடைத்துவிட்டு, தெருமுனையில் ஓடைக்குள் மூட்டை மூட்டையாக மஞ்சளைக் கரைத்து ஊற்றினார்கள். மறுமுனை வாய்க்காலில் கண் வைத்துக் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. சரசக்கா கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், தரைக்கல் இடுக்குகளிலிருந்து மஞ்சள் தண்ணீர் கோடு கோடாக மேலேறி வந்துகொண்டிருந்தது. அவருடைய மாமனார் காலத்தில் ஓடைக்குள்ளேயே அஸ்திவாரம் இறக்கியிருக்கிறார்கள். கடையை எடுத்தால்தான் தண்ணீர் போகும்.

அந்தக் கடையைக் காப்பாற்றத்தான் அவர் எங்களை அழைத்திருந்தார். பேராசிரியர் தடுமாறி, "வேற எந்தெங்கிலும் வழி நோக்கலாம் அம்மா" என்றார்.

சரசக்கா சேலை நுனி நனைய நின்று, தரையையே பார்த்தார். "எனக்க ஒரு கடைக்காக தெரு முழுக்க முங்கணுமா? பொளிச்சு மாத்துங்க சாரே."

பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்து வாய் பிளந்தவன்தான் நான். ஆனால் அவர்களில் ஒருவரும் அன்றைய சரசக்காவுக்கு ஈடில்லை.

அவர் சொன்னபடியே கடையை இடித்தார்கள். அடுத்த மழையில் தெருவே வாசலுக்கு வந்து, தண்ணீர் இறங்கிப் போவதை வேடிக்கை பார்த்தது. சரசக்காவும் குடையோடு நின்றார். பிறகு மகனோடு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார்.

பருப்பு தீய்ந்த மறுநாள், பெருமழை விட்ட கையோடு பழவங்காடியில் பஸ் இறங்கி ஆரியசாலைக்குப் போனேன். சங்கம் கூடிய அறை செல்போன் கடையாகியிருந்தது. மஞ்சள் வாசனை இல்லை. சரசக்காவின் கடை இருந்த இடத்தில் இரும்புக் கம்பி மூடி, அதன்மேல் வரிசையாக பைக்குகள். கம்பிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.

"சேட்டா, கொஞ்சம் மாறுங்க, வண்டி எடுக்கணும்" என்றான் ஓர் இளைஞன்.

மாறி நின்றேன். அவன் காலில் புது ஷூ. முன்பு முழங்கால் தண்ணீர் தேங்கிய தெருவில் அது துளி நனையாமல் நடந்துவந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.