நிற்கும்போதும் முப்பது

கொச்சி மட்டாஞ்சேரி, காலை 10.20. என் பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பீடோமீட்டர் நின்றுவிட்டது. இன்று ஓடிய கிலோமீட்டரை நோட்டில் எழுத வழியில்லை. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் துள்ளிக்கொண்டே இருக்கும்; நான் முள்ளைத்தான் நம்புகிறேன்.

பழைய பாகங்கள் விற்கும் காதர்பாயிடம் முள் மீட்டர் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதையும் தன் புது பைக்கில், டிஜிட்டல் திரையை மறைத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார். எதனோடும் இணைப்பு இல்லை. முள் முப்பதிலேயே நிற்கிறது.

“இதைக் கொடுங்களேன், பாய்.”

“ஐயோ சாரே, அது மட்டும் கேக்காதீங்க! திரையில எழுபதுன்னு கண்டா என் பீவி நடுரோட்டுல இறங்கிடுவா. இதுல எப்பவும் முப்பதுதானே?”

அவர் பைக்கில் உட்கார, மனைவி வந்து பின்னால் ஏறுகிறார். கணவரின் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்க்கிறார்.

“மெல்லப் போங்க இக்கா, இப்பவே முப்பது!”

நான் நோட்டை மூடுகிறேன். காதர்பாய் இன்னும் சாவியே போடவில்லை.