பேட்டரியைக் குடித்தது யார்?

என் அத்தையின் கணவருக்கு எங்கள் தெருவில் 'கனைப்பு மாமா' என்று பெயர். வாடகைக் கார் ஓட்டுகிறவர். எந்தச் சவாரிக்கும் சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் போய் நிற்பார். ஹாரன் அடித்தால் மரியாதை இல்லையாம், அதனால் தொண்டையைக் கனைப்பார். காரைத் துடைக்கிற அக்கறையில் பாதியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் அவர் மகான் ஆகியிருப்பார். அதன் சாவியைத் தொட வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது. "அது நமக்குச் சோறு போடுற சாமான்" என்பார். அத்தை அவர் தட்டில் சோற்றைப் போட்டபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பேர்ப்பட்ட கார் ஒரு நாள் காலையில் 'டக் டக்' என்று முனகிவிட்டுப் படுத்துவிட்டது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. சிகிச்சைக்காக அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகும் டீச்சரம்மா ஒருவர் அவரையே நம்பியிருந்தார். மாடி வீட்டிலிருந்து நான் இறங்கிவந்து தள்ளிவிட்டேன். மாமா வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சவாரிக்குத் தாமதமாகப் போனார்.

தெருமுனை எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "பேட்டரிக்கு வயசாயிடுச்சுண்ணே" என்றார். புதுசு போட்டார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதுவும் செத்தது. டைனமோவைக் கழற்றிப் பார்த்தார்கள், பெல்ட்டை மாற்றினார்கள். மறுபடியும் அதே முனகல்.

"இன்னொரு தடவை இப்படி ஆனா நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். மாமாவுக்கு அந்த ஒரு சொல் போதும், சாப்பாடு இறங்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இஞ்சின் ஓடும்போது சார்ஜ் நல்லா ஏறுதுண்ணே. வண்டி சும்மா நிக்கும்போது ஒரு சொட்டுகூடக் கசியல. யாரோ உக்காந்து குடிக்கிறாங்க."

"சீட்டு வேற தானா முன்னால நகருதுப்பா. முழங்கால் ஸ்டியரிங்குல இடிக்குது" என்றார் மாமா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சுரீரென்று வந்தது. காரைக் கழுவக்கூட விடமாட்டார், இதில் திருட்டுப் பட்டம் வேறு!

"வண்டிய நிறுத்தினதும் பேட்டரி வயரைக் கழட்டி விட்டுடுங்க. வீட்டுல மூச்சு விடாதீங்க" என்று எலெக்ட்ரீஷியன் அவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

மறுநாள் மதியம் மாமா வந்தார், வயரைக் கழற்றினார், சாப்பிட்டுவிட்டுக் குறட்டையில் இறங்கினார். நான் மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கார் நிற்கும் கொட்டகையிலிருந்து அத்தை தலைதெறிக்க வீட்டுக்குள் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்னங்க! எந்திரிங்க! வண்டிக்கு உயிரே இல்லங்க! ஒரு லைட்டுகூட எரியல!"

மாமா அலறியடித்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடியவர் பாதியில் நின்றார்.

"லைட்டு எரியலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை கையில் மாற்றுச் சாவி இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டுக்குப் போட உப்பு இருக்கிறதா என்று எங்கள் வீட்டில் கேட்கவே தயங்குகிற அத்தை!

"ஸ்டியரிங் பழகறேன்" என்றாள். "சாவி போடாம அது திரும்ப மாட்டேங்குது. இண்டிகேட்டர், வைப்பர், ஹெட்லைட்டு எல்லாம் போட்டுப் பாப்பேன். இஞ்சினை ஓட விட்டா நீங்க முழிச்சுக்குவீங்களே. எழுத்துப் பரீட்சைகூட பாஸ் பண்ணிட்டேன்." பழகுநர் உரிம அட்டையைப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினாள்.

மாமாவுக்கு அட்டையை வாங்கக் கை வரவில்லை. "என் பொழப்பைக் கெடுத்தது நீதானா? உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கத்தினார்.

"அன்னிக்குக் குளியலறையில விழுந்தீங்களே."

"லேசான மயக்கம். அதுக்கென்ன இப்ப?"

"லேசா? பேச்சு மூச்சில்லாம கிடந்தீங்க. வாசல்ல கார் நிக்குது, சாவி ஆணியில தொங்குது. நான் வெறுங்கால்ல ரோட்டுக்கு ஓடினேன். முன்னபின்ன தெரியாதவன் வண்டிக்கு முன்னால கையை விரிச்சு விழுந்தேன். அவன் நிறுத்தி உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலன்னா?"

எங்களுக்கும் லேசான மயக்கம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மாமா அத்தையின் பாதங்களைப் பார்த்தார். அவருக்கும் இது தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பேட்டரி வயரை மாட்டினார். பிறகு ஓட்டுநர் சீட்டை அவரே முன்னால் தள்ளி வைத்தார்.

"நிக்க வெச்சுப் பழகினா பேட்டரி சாகத்தான் செய்யும். ஓட்டிப் பழகு. ஏறு."

அத்தை ஏறினாள். மாமா சுற்றிவந்து அடுத்த சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தடவினார். இஞ்சின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது.

"எங்க போகப் போற?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்கு அந்த வழி ஒண்ணுதான் மனப்பாடம்."

மாமா கனைக்கப் பார்த்தார். சத்தம் வரவில்லை.