ஊதாத் தண்ணீரில் முங்கிய ரொட்டி

கால் புண்ணுக்கு டாக்டர் எழுதித் தந்த பொடியை மகள் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். தண்ணீர் ஊதாவானது. அதில் காலை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விழுப்புரத்தில் ஒரு வெள்ளைக்கார ரயில்வே துரை வீட்டில் என் அம்மா சமையல் செய்தாள். இந்த ஊர்க் கிருமிகள் தன் மகள் ரோஸைப் படுக்கையில் தள்ளிவிடும் என்று துரைசாணிக்கு ஓயாத பயம். வெளியிலிருந்து வரும் எதையும் இதே ஊதாத் தண்ணீரில் முக்கிய பிறகுதான் தின்னக் கொடுக்கவேண்டும் என்பது அவள் உத்தரவு. தக்காளி முங்கியது, கொய்யா முங்கியது. ஒரு சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து ரயிலில் ரொட்டி வந்தது. அம்மா அதையும் முக்கிவிட்டாள்.

தட்டில் ஊதாக் கூழைப் பார்த்துத் துரைசாணி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அதுவும் வெளியிலேருந்து வந்ததுதானேங்க, அதான் முக்கிட்டேன்" என்றாள் அம்மா. வேலை போச்சு என்று கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

துரைசாணியோ விழுந்து விழுந்து சிரித்தாள். பசியில் சிணுங்கிய ரோஸுக்கு, எங்களுக்குச் சுட்டுக்கொண்டிருந்த கேப்பை அடையை அம்மா கல்லிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுத்தாள். எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பவள் அதை இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றாள்.

அடுத்த சனிக்கிழமை ரொட்டி வந்ததும் ரோஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நேரே ஊதாத் தண்ணீர்த் தொட்டிக்கு.

"ஏம்மா, தண்ணி ரொம்ப சுடுதா?" என்றாள் என் மகள்.

"இல்லடி. வீட்ல கேப்பை மாவு இருக்குதா பாரு."